'ஃபைட்' என்று எழுதினால் கையாலா, வாயாலா?

வாசகி ஒருவரின் கேள்வி, பிப்ரவரி 3

"அண்ணா, நான் ஸ்டாஃப் நர்ஸ். இங்கிலாந்துக்கு வந்து 4 மாதம் ஆகிறது. போன வாரம் நைட் டியூட்டியில் 80 வயதுத் தாத்தா ஒருவர் மாத்திரை வேண்டாம் என்று என்னைப் பிடிபிடி என்று பிடித்துவிட்டார். நோட்ஸில் 'பேஷன்ட் ஃபாட் வித் மீ' என்று எழுதிவிட்டு வந்து தூங்கிவிட்டேன். மதியம் போன். எங்கே அடித்தார், காயம் உண்டா, புகார் கொடுக்கிறாயா என்று கேட்கிறார்கள். அவர் என்மேல் விரல்கூட வைக்கவில்லை. அவருடைய மகள் அழுதுகொண்டே வந்திருக்கிறார். நான் எழுதியதில் என்ன தப்பு? நாம் சண்டை என்ற ஒரே சொல்லை வைத்து ஓட்டிவிடுகிறோம். இவர்களுக்கு மட்டும் ஃபைட், ஸ்ட்ரகிள், ஆர்கியூ, குவாரல் என்று இத்தனை எதற்கு?"

பிப்ரவரி 3, இரவு 11.40

இலக்கணம் சரிதான். இடம்தான் பொருந்தவில்லை. ஃபைட் என்பதை வாய்ச்சண்டைக்கு அங்கேயும் சொல்வார்கள். புருஷன் பெண்டாட்டி ஃபைட், அண்ணன் தங்கை ஃபைட் என்றால் யாரும் கட்டுத்துணி தேட மாட்டார்கள். நோயாளி, நர்ஸ், நடு ராத்திரி, ஆஸ்பத்திரித் தாள் என்று நாலும் சேர்ந்த இடத்தில் அதே சொல்லுக்குக் கை முளைத்துவிடும். வீட்டில் புழங்கும் சொல் ஆவணத்தில் போய் உட்கார்ந்ததுதான் நடந்த விபரீதம்.

மாத்திரையை 'டிக்ளைண்ட்' என்று எழுதியிருக்கலாம். பிறகு அவர் சொன்னதை அவர் வாயில் வந்தபடியே மேற்கோள் குறிக்குள் போட்டிருக்கலாம். சத்தம் போட்டார் என்றால் 'ரெய்ஸ்ட் ஹிஸ் வாய்ஸ்'. கையைத் தட்டிவிட்டிருந்தால் 'புஷ்ட் மை ஹேண்ட் அவே'. நடந்ததை எழுதினால் போதும். அதற்குச் சண்டை என்று பெயர் வைப்பது உங்கள் வேலை இல்லை.

20 வருடமாக இன்சூரன்ஸ், கோர்ட் காகிதங்களை மொழிபெயர்த்துப் பிழைக்கிறேன். நான் எனக்கே கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. எதிரே நிற்பது என்ன? ஆள் என்றால் ஃபைட். நோய், பாரம், கணக்குப் பாடம், திறக்காத பூட்டு என்றால் ஸ்ட்ரகிள். ஒரு கருத்து என்றால் ஆர்கியூ.

பிப்ரவரி 4, காலை 7.10

தமிழில் ஒரே சொல் என்றதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ராத்திரி படுத்த பிறகும் அதுவே ஓடிக்கொண்டிருந்தது.

குழாயடியில் நடந்தால் வாய்ச்சண்டை. டீக்கடையில் அரசியல் பேசி முற்றினால் வாக்குவாதம். வரப்புக்காக வந்தால் தகராறு. சட்டையைப் பிடித்துவிட்டால் கைகலப்பு, கம்பு வந்துவிட்டால் அடிதடி. சும்மா இருந்தவனைச் சீண்டினால் வம்புக்கு இழுப்பது. துருப்பிடித்த போல்ட்டோடு மெக்கானிக் மல்லுக்கட்டுகிறார். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு, சமாதானம் செய்ய வருவானா என்று ஓரக்கண்ணால் பார்த்தால் ஊடல். இதற்கு ஆங்கிலத்தில் ஈடு கிடையாது. 'சல்க்' என்றால் கோபம் மட்டும் வரும், ஓரக்கண் வராது.

பழைய புறத்திணையில் இன்னும் நுணுக்கம். மாட்டைக் கவரப் போனால் வெட்சி, மீட்கப் போனால் கரந்தை. கோட்டையை வளைத்தவன் உழிஞை, உள்ளே இருந்து காப்பவன் நொச்சி. களத்தில் நேருக்கு நேர் என்றால் தும்பை. எதற்காகப் போகிறான், எந்தப் பக்கம் நிற்கிறான் என்பது தலையில் சூடிய பூவிலேயே தெரிந்துவிடும்.

இவ்வளவும் வைத்திருக்கும் நாம் ஆங்கிலத்துக்குள் நுழையும்போது எல்லாவற்றையும் வாசலில் கழற்றி வைத்துவிட்டு, ஃபைட் ஒன்றை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு போகிறோம். சிஸ்டர், அந்தத் தாத்தா செய்தது என்ன என்று உங்கள் அம்மாவிடம் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'முரண்டு பிடித்தார்' என்றுதான் சொல்வீர்கள். முரண்டுக்கு 'ரெஸிஸ்ட்' இருக்கிறது, 'ரெஃப்யூஸ்' இருக்கிறது. முதலில் தமிழில் சரியான சொல்லைப் பிடியுங்கள், ஆங்கிலம் பின்னாலேயே வரும்.

பிப்ரவரி 4, மதியம்

எழுத்து கேட்டு இரண்டு பேர். சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஃபைட், ஃபாட் இரண்டிலும் நடுவே ஜி, ஹெச் ஊமை. ஒரு காலத்தில் ஊமை இல்லை, தொண்டையில் உரசும் ஒலி அங்கே இருந்தது. ஜெர்மனில் வாள்வீச்சைச் சொல்லும் 'ஃபெஹ்டன்' இதன் உடன்பிறப்பு. ஸ்காட்லாந்துப் பேச்சில் 'ஃபெஹ்ட்' என்று அந்த உரசல் இன்னும் உயிரோடு இருக்கிறது. ரெஸில் என்பதில் முதலில் வரும் டபிள்யூவும் நடுவில் வரும் டியும் பேச்சில் கிடையாது. குவாரல் இறந்தகாலத்துக்கு பிரிட்டனில் இரண்டு எல், அமெரிக்காவில் ஒன்று. ஆர்கியூ ஆர்கியூமென்ட் ஆகும்போது கடைசி இ விழுந்துவிடும். இங்கிலாந்தில் வாய்ச்சண்டைக்கு 'ரௌ' என்பார்கள். படகு வலிக்கும் 'ரோ'வுக்கும் அதே மூன்று எழுத்துதான்.

பிப்ரவரி 5, இரவு

'ஃபாட் வித்' பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அந்த 'வித்'தும் சேர்ந்துதான் ஆளைக் கவிழ்க்கிறது.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் 25 லட்சம் பேர் இருந்தார்கள். அவர்கள் 'ஃபாட் வித் த பிரிட்டிஷ்'. 1944இல் இம்பாலிலும் கோஹிமாவிலும் மோதிய இந்திய தேசிய ராணுவத்தாரும் 'ஃபாட் வித் த பிரிட்டிஷ்'. எழுத்துக்கு எழுத்து ஒரே வாக்கியம். முன்னவர்கள் கூட நின்றார்கள், பின்னவர்கள் எதிரே நின்றார்கள். மலாயா ரப்பர்த் தோட்டத் தமிழர்கள் எத்தனையோ பேர் இந்த இரண்டாவது 'வித்'துக்குள் இருக்கிறார்கள். கேப்டன் லட்சுமியின் தலைமையில் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த தோட்டத்துப் பெண்களும்தான்.

தமிழிலும் இதே வம்பு உண்டு. 'ஆங்கிலேயருடன் போரிட்டார்' என்றால் எந்தப் பக்கம்? நாம் 'சேர்ந்து' அல்லது 'எதிர்த்து' ஒன்றைச் செருகித் தப்பித்துக்கொள்கிறோம். ஆங்கிலத்திலும் அப்படியே செய்யுங்கள். கூட நின்றால் 'அலாங்சைட்', எதிரே நின்றால் 'அகெய்ன்ஸ்ட்'. ஆவணத்தில் தனி 'வித்' வேண்டாம்.

பிப்ரவரி 7

ஸ்ட்ரகிள், ரெஸில், ஸ்கஃபிள், ராங்கிள், ஹாகிள், கிராப்பிள். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எல்லாம் 'ள்', 'ல்' என்று முடிகிறது. ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதைக் காட்டும் பழைய விகுதி அது. 'ரெஸ்ட்' என்றால் முறுக்கிப் பிடுங்குவது. விடாமல் முறுக்கிக்கொண்டே இருந்தால் ரெஸில். ஹாகிள் இன்று பேரம் பேசுவது, அன்று கண்டபடி கொத்துவது. மீன் சந்தையில் விலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்திக் குறைக்கும் எங்கள் பெரியம்மாவைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

டபிள்யூ, ஆர் என்று தொடங்கும் பல சொற்களில் ஒரு முறுக்கல் இருக்கும். துணி பிழியும் 'ரிங்', திரும்பும் மணிக்கட்டான 'ரிஸ்ட்', வலியில் நெளியும் 'ரைத்'. ராங்கிளுக்கும் ரிங்குக்கும் உறவு உண்டு. ஈரத்துணியின் இரண்டு முனையையும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் முறுக்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். ராங்கிள் அதுதான்.

பிப்ரவரி 8, காலை

திருத்தம். கிராப்பிளை அந்தக் கூட்டத்தில் சேர்த்தது தவறு. அது பழைய பிரெஞ்சிலிருந்து வந்த கொக்கியின் பெயர். எதிரிக் கப்பலில் எறிந்து இழுத்துக் கட்டும் கொக்கி. முடிவு ஒன்றுபோல ஒலிக்கிறதே என்று கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துவிட்டேன். இப்போது பார்த்தால் பொருளும் தெளிகிறது. கிராப்பிள் என்றால் இறுகப் பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பது. ஸ்ட்ரகிளில் பிடி நழுவிக்கொண்டே இருக்கும்.

பிப்ரவரி 8, மாலை

"தீயணைப்பு வீரரை ஃபயர்ஃபைட்டர் என்கிறார்களே, தீ ஆளா?" என்று ஒரு தம்பி கேட்கிறார். நியாயமான கேள்வி. முதல் நாள் நான் சொன்ன கணக்கு இங்கே உடைகிறது.

இப்படிச் சொல்லிப் பார்க்கிறேன். ஃபைட் என்று சொன்ன கணமே எதிரே நிற்பதற்கு உயிர் வந்துவிடுகிறது. தீ திருப்பித் தாக்கும், காற்று மாறினால் பாயும், ஏமாந்தால் வளைத்துக்கொள்ளும். அதனால் பொருந்துகிறது. புற்றுநோயோடும் ஃபைட் என்கிறார்கள், இறந்தால் 'லாஸ்ட் ஹிஸ் பேட்டில்' என்று எழுதுகிறார்கள். நோயாளிகள் பலருக்கு அது பிடிப்பதில்லை. தோற்றார் என்றால் இன்னும் கொஞ்சம் முயன்றிருக்கலாம் என்று ஆகிவிடுகிறதே என்கிறார்கள். எனக்கு அவர்கள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. காரணம் இருக்கிறது. இன்று வேண்டாம்.

பிப்ரவரி 10, இரவு 1.15

எழுதிவிடுகிறேன்.

அப்பா 2011இல் போனார். நுரையீரல். கடைசி மூன்று நாள் ஐசியூ, எங்கள் யாரையும் உள்ளே விடவில்லை. நான் சென்னையிலிருந்து போய்ச் சேர்ந்தபோது விடிந்துவிட்டது, முடிந்தும்விட்டது. கையெழுத்துக்காக ஒரு கட்டுக் காகிதத்தை நீட்டினார்கள். மேலே ராத்திரி நர்ஸின் குறிப்பு. என் கண்ணில் பட்டது ஒரே சொல், 'ஸ்ட்ரக்லிங்'. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மா "என்னப்பா எழுதியிருக்கு?" என்றாள். "ராத்திரி முழுக்கப் போராடியிருக்கார்மா" என்றேன்.

16 நாளும் துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் அம்மா அதைச் சொன்னாள். "தனியாக் கிடந்து போராடியிருக்காரே, ஒரு வாய்த் தண்ணி கொடுக்கக்கூட ஆள் இல்லாம." அதற்குப் பிறகும் நிறுத்தவில்லை. ஒவ்வொரு திதிக்கும் சொன்னாள்.

ஐந்து மாதம் கழித்து இன்சூரன்ஸுக்காக அதே கட்டைப் பிரித்தேன். இந்த முறை தொழிலுக்குப் படிப்பதுபோல வரிவரியாகப் படித்தேன். 'ஸ்ட்ரக்லிங் வித் மாஸ்க். ரிமூவ்ட் த்ரைஸ். ரீஅப்ளைட்.' கீழே நேரம், 2.20. அதற்கும் கீழே, 3 மணி, 'ஸ்லீப்பிங்'. கடைசி வரி 5.05.

மாஸ்க்கைப் பிடிக்காமல் மூன்று முறை பிடுங்கிப் போட்டிருக்கிறார். யாரோ ஒரு சிஸ்டர் மூன்று முறையும் எடுத்து மாட்டிவிட்டிருக்கிறார். பிறகு அப்பா தூங்கியிருக்கிறார். மரணத்தோடு மல்லுக்கு நின்ற ராத்திரி அந்தத் தாளில் எங்குமே இல்லை. அதை என் மொழிபெயர்ப்புதான் உண்டாக்கியது. 'வித்'துக்குப் பின்னால் வரும் சொல்லைப் படிக்காமல் வாயைத் திறந்தேன். ஸ்ட்ரகிளுக்குப் போராட்டம் என்று மனப்பாடமாகச் சொல்லிவிட்டேன். 'மாஸ்க்கைப் பிடிக்காம இழுத்துப்போட்டிருக்கார்மா' என்று சொல்லியிருந்தால் அந்தப் பெஞ்சில் அவள் அழுத அழுகையே வேறாக இருந்திருக்கும்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

பிப்ரவரி 12

எழுதியவர்கள் எல்லோருக்கும் பதில் போட முடியவில்லை. படித்தேன்.

"அப்போ விடுதலைப் போராட்டம்? அது ஸ்ட்ரகிள்தானே?" என்று ஒருவர். ஆமாம். அங்கே அது சரி. போராடு என்ற சொல்மீது எனக்குக் குறை இல்லை. எல்லா ஸ்ட்ரகிளுக்கும் அதையே ஒட்டவைப்பதில்தான். அடைப்பு திறக்காமல் மூச்சுக்கு அவதிப்பட்டால் திணறுகிறார். கடனுக்கு நடுவே குடும்பம் நடத்தினால் அல்லாடுகிறார். கணக்கு வரவில்லை என்றால் தடுமாறுகிறான். ஜாக்கெட் ஊக்கு மாட்டவில்லை என்றால் பாடாய்ப்படுகிறாள். ஆங்கிலத்தில் இந்த நாலுக்கும் ஸ்ட்ரகிள் ஒன்றே போதும். சொல் குறைவு அவர்கள் பக்கம்.

திரும்பிப் போகும்போது வேறு பள்ளம். நம் ஊரில் உண்ணாவிரதம் போராட்டம், மறியல் போராட்டம், வேலைநிறுத்தமும் போராட்டம். ஆசிரியர்கள் நாளை போராட்டம் என்பதற்கு 'டீச்சர்ஸ் டு ஸ்ட்ரகிள் டுமாரோ' என்று ஒருவர் எழுதி என்னிடம் சரிபார்க்கக் கொடுத்தார். அதைப் படிக்கிற வெள்ளைக்காரருக்கு நாளைக்கு ஆசிரியர்களுக்கு ஏதோ கஷ்டகாலம் என்றுதான் படும். வேலையை நிறுத்தினால் 'ஸ்ட்ரைக்', கொடி பிடித்தால் 'புரொடஸ்ட்', உண்ணாமல் இருந்தால் 'ஹங்கர் ஸ்ட்ரைக்'.

ஸ்ட்ரகிளுக்கு எதிராளி தேவையில்லை என்பதை எனக்குக் காட்டியவர் டார்வின். 1859இல் வந்த அவருடைய உயிரினத் தோற்ற நூலின் 3ஆம் அதிகாரம் பிழைப்புக்கான ஸ்ட்ரகிள் பற்றியது. இந்தச் சொல்லை விரிந்த, உருவகப் பொருளில் ஆள்கிறேன் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். பசித்த இரண்டு விலங்குகள் இரைக்காக ஒன்றோடொன்று மோதுவதை அப்படிச் சொல்லலாம். பாலைவன ஓரத்துச் செடி ஒன்று வறட்சியை எதிர்த்து ஸ்ட்ரகிள் செய்கிறது என்றும் சொல்கிறோம், ஆனால் ஈரத்தை நம்பி இருக்கிறது என்பதே அதற்குப் பொருத்தமான பேச்சு என்கிறார். அந்தச் செடியை நினைத்துக்கொண்டே இரண்டு நாளாக இருக்கிறேன். மூச்சை நம்பி இருந்தார் என்று அப்பாவைப் பற்றிச் சொல்லலாம்.

பிப்ரவரி 15

ஆர்கியூ. இதற்கு நல்ல பக்கம் ஒன்று உண்டு, நாம் அதைப் பார்ப்பதே இல்லை. லத்தீனில் இதன் வேர்ச்சொல்லுக்குத் தெளிவாகக் காட்டு என்று பொருள். வெள்ளி உலோகத்தின் லத்தீன் பெயரும் அதே பளபளப்பிலிருந்து வந்ததுதான். நம்முடைய வெள்ளியிலும் வெளிச்சம் இருக்கிறது. ஆகவே 'ஷீ ஆர்கியூஸ் தட்' என்று கட்டுரையில் வந்தால் அவர் யாரோடும் சண்டைக்கு நிற்கவில்லை, காரணம் காட்டி ஒன்றைச் சொல்கிறார். இதை 'வாதிடுகிறார்' என்று பத்திரிகைகள் பழக்கிவிட்டன. எனக்கு அது உவப்பில்லை. படித்ததும் கறுப்புக் கோட்டு கண்ணில் வருகிறது. 'என்பது அவர் கட்சி' என்று பெரியவர்கள் சொல்வார்கள். எவ்வளவு அழகு! கட்சி என்றால் தேர்தல்தான் என்று ஆகிவிட்ட பிறகு அதுவும் கையை விட்டுப் போய்விட்டது.

குவாரலின் பின்னால் இருப்பது முறையீடு. குறைப்பட்டுக்கொள்வதில் தொடங்கி முற்றுவது. 'ஆர்கியூ'வில் ஜெயிக்கலாம், குவாரலில் ஜெயித்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

டிபேட்டில் அடி இருக்கிறது. கிரிக்கெட் மட்டையும் போர்க்கள 'பேட்டி'லும் அதற்குத் தூரத்துச் சொந்தம். டிஸ்கஸ் என்றால் லத்தீனில் உதறிச் சிதறடி. படித்ததும் எனக்கு நம் 'அலசு' ஞாபகம் வந்தது. துணியைத் தண்ணீரில் போட்டு உதறி உதறி அலசுகிறோம், விஷயத்தையும் அலசுகிறோம். இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே துறையில் துவைத்த மாதிரி. அலசும்போது 'துணியைப் பற்றி' அலசுவதில்லை, துணியை அலசுகிறோம். இதை நினைவில் வைத்துக்கொண்டால் 'டிஸ்கஸ் அபவுட்' என்று நாம் எல்லோரும் எழுதும் பிழை போய்விடும். 'அபவுட்' வேண்டியதில்லை.

ரைவலையும் சொல்லிவிடுகிறேன். லத்தீனில் ஒரே ஓடையிலிருந்து தண்ணீர் எடுப்பவர்களுக்கு அந்தப் பெயர். பக்கத்து வயல்காரன். நாம் என்ன சொல்கிறோம்? பங்காளி. ஒரே சொத்தில் பங்கு உள்ளவன், அதனாலேயே பகையாளி ஆனவன்.

பிப்ரவரி 16

யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் எழுதியிருக்கிறார். அங்கே சண்டை போடுவதில்லை, சண்டை பிடிக்கிறார்கள். 'அம்மா பேசினவ' என்றால் அம்மா திட்டினார் என்று பொருள். தமிழ்நாட்டு நண்பர் ஒருவர் அதை அம்மா போனில் பேசினார் என்று நினைத்துக்கொண்டு "என்ன விசேஷம்?" என்று கேட்டாராம். ஒரே மொழிக்குள்ளேயே இப்படி. மிக்க நன்றி அக்கா, இதைக் குறித்து வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 22, இரவு

கேள்வி கேட்ட சிஸ்டர் மறுபடி எழுதியிருக்கிறார். விசாரணை முடிந்தது, தாத்தாமேல் எந்தக் குறிப்பும் இல்லை. இரண்டாவது நோட்டில் தாத்தா சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதினாராம். அந்த வாக்கியம்: 'அந்த மாத்திரை சாப்பிட்டால் என் மனைவி கனவில் வருவதில்லை.' அதைப் படித்த டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார். சிஸ்டர், நீங்கள் எழுதியதில் இதுவரை நான் பார்த்த சிறந்த ஆங்கிலம் இதுதான்.

இன்று அம்மாவிடம் சொன்னேன். அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டே போனேன். 'ஸ்ட்ரக்லிங் வித் மாஸ்க்' என்ற வரியில் விரலை வைத்து, அன்றைக்கு நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றேன். மூன்று தடவை பிடுங்கிப் போட்டதையும், 3 மணிக்குத் தூங்கியதையும் வாசித்தேன். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் தாளை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்த எழுத்துகளை நெடுநேரம் பார்த்தாள்.

"மூக்குல எதுவும் படக் கூடாதே அவருக்கு. கண்ணாடியையே பத்து நிமிஷம் போட மாட்டார்" என்றாள். பிறகு, "3 மணிக்குத் தூங்கிட்டாரா?" என்று இன்னொரு முறை கேட்டாள்.